ஓடச் சொன்னவரை எடைபோடுவது எப்படி?



நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரங்களில் வாழும் உங்களுக்கு லாரிக் கிளீனரை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. வண்டி பின்னோக்கி வரும்போது ஓட்டுநருக்குப் பின்புறம் முழுதாகத் தெரியாது. கிளீனர் இறங்கி நின்று "வரலாம், வரலாம்" என்பார். சுவர் நெருங்கினால் "நிக்கட்டும்" என்று குரல் கொடுப்பார். வண்டி உரசிவிட்டால் முதல் வசவு அவருக்குத்தான். பழுதின்றி வந்து நின்றுவிட்டால் அவரை யாரும் நினைப்பதில்லை.

இத்தகைய பொறுப்பை ஒரு பதவியாகவே வைத்திருக்கும் விளையாட்டு ஒன்று உண்டு. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் மக்கள் பெரிதும் விரும்பும் பேஸ்பால் அது. மதரஸாவில் ஓதிக்கொடுக்கும் இவருக்கும் அந்த விளையாட்டுக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் எண்ணலாம். சற்றுப் பொறுத்து வாசியுங்கள். பேசப்போவது நம் வீட்டுச் செய்திதான்.

பேஸ்பாலில் பந்தை அடித்தவர் மூன்று தளங்களைச் சுற்றிப் புறப்பட்ட இடத்திற்கே திரும்பினால்தான் ஓர் ஓட்டம். மூன்றாம் தளத்தை நோக்கி விரையும்போது பந்து பெரும்பாலும் அவருக்குப் பின்னால் எங்கோ கிடக்கும். திரும்பிப் பார்த்தால் வேகம் குறையும். ஆகவே மூன்றாம் தளத்தின் அருகே அவருடைய அணிப் பயிற்சியாளர் ஒருவர் நிற்கிறார். அவர் கையைச் சக்கரம்போல் சுழற்றினால் "ஓடு" என்று பொருள். இரு கைகளையும் உயர்த்தினால் "நில்" என்று பொருள். முடிவெடுக்க அவருக்குக் கிடைப்பது இரண்டொரு நொடிகளே. அவர் சொல் நம்பி ஓடியவர் அவுட் ஆனால் அரங்கமே அவரை ஏசும்.

2014 அக்டோபர் 29 அன்று கான்சாஸ் சிட்டி நகரில் அமெரிக்க பேஸ்பாலின் இறுதித் தொடருடைய ஏழாவது ஆட்டம் நடைபெற்றது. சான் பிரான்சிஸ்கோ அணி மூன்றுக்கு இரண்டு என்று முன்னிலையில் இருந்தது. கடைசிச் சுற்று, உள்ளூர் அணியில் இருவர் அவுட், இன்னும் ஒருவர் அவுட் ஆனால் ஆட்டம் முடிந்தது. அந்த வேளையில் அலெக்ஸ் கார்டன் அடித்த பந்தைத் தடுப்பாளர்கள் தவறவிட்டனர். அவர் மூன்றாம் தளம் வரை ஓடி வந்தார். அங்கே நின்றிருந்த பயிற்சியாளர் மைக் ஜிர்ஷலி கைகளை உயர்த்தி அவரை நிறுத்தினார். அடுத்து ஆடிய சால்வடார் பெரெஸ் அடித்த பந்து உயரே எழுந்து தடுப்பாளர் கையில் விழுந்தது. கோப்பை கைநழுவிப் போயிற்று. "ஓடவிட்டிருக்கலாமே!" என்ற கேள்வி அன்றிரவே எழுந்தது, நெடுநாள் ஓயவில்லை.

ஜிர்ஷலி செய்தது சரியா? விடை கூறுமுன் எந்த அளவுகோலால் அளப்பது என்பதைத் தீர்மானிக்க வேண்டும்.

அந்த நொடியில் அவர் கண்ணுக்குத் தெரிந்தது என்ன என்பதை முதலில் பார்க்க வேண்டும். பந்து எங்கே இருந்தது? எறிபவரின் கைவலிமை எப்படி? ஓடுபவரின் கால்வேகம் எப்படி? பின்னால் நடந்தவை அவர் அறியாதவை. அவற்றைக் கணக்கில் சேர்ப்பது நீதியன்று.

நிறுத்தினால் மிஞ்சும் வாய்ப்பு என்ன என்பது அடுத்தது. எவரும் அவுட் ஆகாத நிலையில் நிறுத்தினால் குடி முழுகிவிடாது. பின்வருபவர் பிடிபட்டாலும்கூட இவர் ஓடி முடிக்க வழியுண்டு. ஆகவே ஏறக்குறைய உறுதியாக இருந்தாலொழிய அனுப்பக்கூடாது. இருவர் அவுட் ஆன நிலையிலோ அடுத்தவர் அடித்தால்தான் உண்டு. மிகச் சிறந்த ஆட்டக்காரரும் பத்து முறைக்கு மூன்று முறை அளவில்தான் அடித்துத் தளம் சேர்கிறார். எனவே அங்கே மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு இருந்தாலும் அனுப்பிவிடுவதே அறிவு. ஒரே தூரம், ஒரே ஓட்டக்காரர் என்றாலும் சூழ்நிலைக்கேற்பச் சரியான விடை மாறுகிறது. ஜிர்ஷலியோ, பந்து இடைநின்ற தடுப்பாளரின் கைக்கு வந்துவிட்டதைக் கண்டார். ஓடினால் அவுட் என்பது அவர் கணிப்பு. பின்னர் வினவப்பட்டபோதும் அவர் அதிலிருந்து மாறவில்லை. கண்ட நிலவரத்தை வைத்து எடுத்த முடிவு அது. அதை நான் குறைகூற மாட்டேன்.

பலரும் மறந்துவிடும் அளவுகோல் இன்னும் ஒன்று உண்டு. அனுப்பி அவுட் ஆனவர்களை எண்ணுகிறோம்; அனுப்பியிருந்தால் வென்றிருக்கக்கூடிய, ஆனால் நிறுத்திவைக்கப்பட்டவர்களை எண்ணுவதில்லை. பருவம் முழுவதும் ஒருவரும் அவுட் ஆகவில்லை என்று ஒரு பயிற்சியாளர் பெருமை பேசினால், அவர் திறமைசாலி என்று எண்ணிவிடாதீர்கள். உறுதியானவர்களை மட்டும் அனுப்பிவிட்டு மற்றவர்களையெல்லாம் நிறுத்தியவராக அவர் இருக்கக்கூடும். எப்போதும் "நிக்கட்டும்" என்று சொல்லும் கிளீனரின் வண்டி எந்தச் சுவரிலும் உரசாது. சரக்கும் கிடங்குக்குள் போய்ச் சேராது.

நம் சேலம் மாவட்டத்திலேயே இதற்கோர் எடுத்துக்காட்டு உண்டு. சின்னப்பம்பட்டி நடராஜனை அறியாதவர் இல்லை. டென்னிஸ் பந்தில் ஆடிக்கொண்டிருந்த ஏழை நெசவுத் தொழிலாளியின் மகனைச் சென்னைக்குச் சென்று ஆடும்படி ஊக்கி அனுப்பியவர் அவருடைய வழிகாட்டி ஜெயப்பிரகாஷ். நடராஜன் 2015 ஜனவரியில் தமிழ்நாட்டு அணிக்காக ரஞ்சிப் போட்டியில் ஆடினார். உடனேயே அவர் பந்துவீசும் முறையில் ஐயம் எழுப்பப்பட்டது. முறையைத் திருத்திக்கொண்டு மீண்டு வரவேண்டியதாயிற்று. அந்த ஆண்டோடு கணக்கை முடித்திருந்தால் "இவரை ஏன் அனுப்பினார்கள்?" என்றே ஊர் பேசியிருக்கும். 2020 டிசம்பரில் அவர் ஆஸ்திரேலிய மண்ணில் இந்திய அணிக்காகக் களமிறங்கினார். 2021 ஜனவரியில் பிரிஸ்பேன் டெஸ்டிலும் ஆடினார். ஊர் மாலையிட்டு வரவேற்றது. அனுப்பிய முடிவு ஒன்றே. இடையில் மாறியவை விளைவுகள் மட்டுமே.

மார்க்கம் இந்த உண்மையை நமக்கு எப்போதோ கற்பித்துவிட்டது. தீர்ப்பளிப்பவர் ஆய்ந்து முயன்று சரியான முடிவை அடைந்தால் அவருக்கு இரு கூலி என்றும், அவ்வாறே முயன்றும் தவறிவிட்டால் ஒரு கூலி என்றும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதாக அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் நபிமொழி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. இது தகுதியுள்ளவர் செய்யும் ஆய்வுக்கே பொருந்தும், அறியாதவரின் துணிச்சலுக்குப் பொருந்தாது என்று உலமாக்கள் விளக்கியுள்ளார்கள். விளையாட்டைத் தீர்ப்போடு சமப்படுத்துவது என் நோக்கமன்று. விளைவு தவறியபோதும் நேர்மையான முயற்சிக்கு மதிப்பளிக்கும் பண்பையே சுட்டுகிறேன்.

உஹதை நினைத்துப் பாருங்கள். ஹிஜ்ரி 3ஆம் ஆண்டு. மதீனாவிற்குள்ளேயே இருந்து எதிர்கொள்வதில் நபி (ஸல்) அவர்களுக்கு நாட்டமிருந்தது. தோழர்கள் பலர் வெளியேறிச் சென்று எதிர்கொள்ள விரும்பினர். அந்த ஆலோசனை ஏற்கப்பட்டது. போரில் பெருந்துயரம் நேர்ந்தது. அதன் பின்னர் இறங்கிய ஆலு இம்ரான் அத்தியாயத்தின் 159ஆம் வசனம் அத்தோழர்களை மன்னிக்கும்படியும், அவர்களிடம் தொடர்ந்து ஆலோசனை கலக்கும்படியுமே ஏவுகிறது. விளைவு கசந்தது என்பதற்காக ஆலோசனை சொன்னவர்களின் வாய் அடைக்கப்படவில்லை.

இனி வீட்டுச் செய்திக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு தாய், பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் எடுத்த தம் மகளை வெளியூர்க் கல்லூரிக்கு அனுப்பலாமா என்று கேட்டார். பிள்ளையின் ஆர்வம், விடுதியின் ஒழுங்கு, செலவுக்கு வழி, உடன் செல்லும் தோழிகள் என எல்லாம் விசாரித்த பின் "அனுப்புங்கள்" என்றேன். இரண்டாம் ஆண்டில் தாய் நோயுற்றார், கவனிக்க ஆளில்லை, பிள்ளை படிப்பை நிறுத்தித் திரும்பிவிட்டாள். "ஹள்ரத் பேச்சைக் கேட்டு அனுப்பினார்களே, என்ன ஆயிற்று?" என்று கடைத்தெருவில் பேசிக்கொண்டார்கள்.

அடுத்த தெருவில் ஏறத்தாழ அதே மதிப்பெண் எடுத்த இன்னொரு பிள்ளை இருந்தாள். "பெண்பிள்ளைக்கு இது போதும்" என்றார் அவளுடைய பெரியத்தா. அவள் வீட்டிலேயே நின்றுவிட்டாள். இன்றுவரை அந்தப் பெரியவரை எவரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவர் கணக்கில் அவுட் எதுவும் இல்லையல்லவா?

திரும்பி வந்த பிள்ளை பின்னர் அஞ்சல்வழியில் படிப்பை முடித்தாள், அல்ஹம்துலில்லாஹ். என் ஆலோசனை சரி என்பதற்குச் சான்றாக இதைச் சொல்லவில்லை. அவள் முடிக்காமல் போயிருந்தாலும், அன்று தெரிந்த நிலவரத்தை வைத்தே அந்த ஆலோசனையை எடைபோட வேண்டும் என்பதுதான் என் வாதம். அந்தப் பெரியவரையும் அவ்வாறே கேட்க வேண்டும்: நீங்கள் விசாரித்தீர்களா? பிள்ளையின் கால்வேகத்தைப் பார்த்தீர்களா? நிறுத்தினால் அவளுக்கு மிஞ்சும் வாய்ப்பு என்ன என்று எண்ணினீர்களா? விசாரித்து, உண்மையான தடையைக் கண்டு நிறுத்தியிருந்தால் அவரும் பாராட்டுக்குரியவரே. பழி வராதிருக்க வேண்டும் என்பதற்காக மட்டும் கையை உயர்த்தியிருந்தால், இழப்பு அவருடையதன்று, அந்தப் பிள்ளையுடையது.

பெற்றோரே, ஜமாஅத் பொறுப்பாளர்களே! நம்மை நம்பி ஓடிவரும் பிள்ளைகளுக்குப் பின்னால் கிடக்கும் பந்து தெரியாது. அவர்கள் நம் கையைத்தான் பார்க்கிறார்கள். வழிகாட்டுகிறவர்களைக் குறைகூறுமுன் அவர்கள் எதை அறிந்து சொன்னார்கள் என்று கேளுங்கள். வழிகாட்டும் முறை உங்களுக்கு வரும்போது முன்கூட்டியே விசாரியுங்கள். தயங்காமல், தெளிவாகச் சொல்லுங்கள். பாதிவழியில் ஓடிக்கொண்டிருப்பவரிடம் அரைகுறையாகக் கையசைப்பதைவிடத் தீங்கானது வேறில்லை.

தீர விசாரித்துச் சொல்லும் அறிவையும், சொன்னவரை நீதியோடு மதிப்பிடும் மனத்தையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக. ஆமீன்.