குவாதலூப்பில் குழம்பு மணம்

செஞ்சி வட்டாரத்தில், தளவானூர் போன்ற ஊர்களில், தெருக்கூத்து என்றால் ஜனங்கள் விடிய விடிய உட்கார்ந்திருப்பார்கள். அந்தக் கூத்து கடல் தாண்டி, கரீபியன் கடலில் உள்ள குவாதலூப் தீவுக்கும் போயிருக்கிறது என்றால் நம்புவீர்களா? அங்கே அதற்குப் பெயர் 'நாத்ரோன்'. நம் 'நாடகம்'தான் அப்படித் திரிந்துவிட்டது!

குவாதலூப் பிரான்சுக்குச் சொந்தமான தீவு. சிறகு விரித்த வண்ணத்துப்பூச்சி மாதிரி இரண்டு நிலப்பகுதிகள். நடுவே குறுகிய உப்பு ஓடை. மலாந்தூர் கடற்கரையில் மணல் கறுப்பாக இருக்கிறது. முகமூடியும் மூச்சுக்குழலும் மாட்டிக்கொண்டு இறங்கினால், கடற்புல் மேயும் ஆமைகளைப் பார்க்கலாம். நீச்சல் தெரியாதா? கவலை வேண்டாம். அடியில் கண்ணாடி வைத்த படகில் உட்கார்ந்தபடியே பவளப்பாறைகளையும் வண்ண மீன்களையும் ரசிக்கலாம். நாங்கள் அப்படித்தான் பார்த்தோம்.

மலை ஏறுகிறவர்களுக்கு 1,467 மீட்டர் உயரமுள்ள சூப்ரியேர் எரிமலை இருக்கிறது. இன்னும் புகைந்துகொண்டுதான் இருக்கிறது! பக்கத்துக் காட்டில் கார்பே அருவி. வழியெல்லாம் வாழையும் கரும்பும்.

அந்தக் கரும்புதான் நம்மவர்களை அங்கே கொண்டுபோனது. 1848ல் அடிமைமுறை ஒழிந்ததும் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. 1854 டிசம்பர் 24 அன்று 'ஓரேலி' என்ற கப்பல் முதல் கூலியாட்களைக் கொண்டுபோய் இறக்கியது. 1889 வரை போன சுமார் 42,000 இந்தியரில் தமிழர்களே அதிகம். புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேறியவர்கள் பலர். அவர்கள் பிள்ளைகளுக்குக்கூட லேசில் குடியுரிமை கிடைக்கவில்லை. ஹென்றி சிதம்பரம் என்பவர் 1904 முதல் 1923 வரை வழக்காடித்தான் அதை வாங்கித் தந்தார்.

இன்று அவர்கள் வீட்டில் தமிழ் பேச்சு இல்லை, பிரெஞ்சும் கிரியோலும்தான். ஆனால் மாரியம்மன் 'மலியெமே'னாக இருக்கிறாள். கபெஸ்தெர் ஊரில் ஷாங்ஜி கோயிலின் வண்ணச் சிலைகளைப் பார்த்தால், நம்ம ஊர் அம்மன் கோயில் வாசலில் நிற்பது போலவே இருக்கிறது.

சாப்பாட்டுக்கு வருவோம். தீவு முழுக்கப் பிரபலமான பண்டம் 'கொலம்போ'. தனியா, சீரகம், கடுகு, வெந்தயம், மிளகு, மஞ்சள், கூடவே வறுத்த அரிசி சேர்த்துப் பொடித்த மசாலாவில் வேகவைத்த ஆட்டுக்கறி. ஒரு வாய் வைத்ததுமே அண்ணி, "அட, நம்ம வீட்டுக் கறிக்குழம்புதானே இது!" என்றார். தமிழர் மட்டுமல்ல, எல்லோர் வீட்டிலும் அதைச் சமைக்கிறார்கள். பண்டிகை நாளில் பெண்கள் தலையில் கட்டும் கட்டம்போட்ட துணிக்குப் பெயர் என்ன தெரியுமா? 'மெட்ராஸ்'!

போக நினைப்பவர்கள் டிசம்பர் முதல் ஏப்ரலுக்குள் போங்கள். ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம். சாதாரண ஷெங்கன் விசா செல்லாது. குவாதலூப் என்று குறிப்பிட்டே விசா கேளுங்கள்.

மொழி போனாலும் அடுப்பங்கரையில் பாட்டியின் கைமணம் ஐந்து தலைமுறை நின்றிருக்கிறது. சகோதரிகளே, நம் பிள்ளைகளுக்குக் குழம்போடு தமிழையும் சேர்த்தே ஊட்டுவோம்!