பாரிசில் போட்ட கையெழுத்தும் திருச்சுழிச் சீமையும்

ஒப்பந்தம் என்றதும் மாணவர்களுக்கு ஞாபகம் வருவது வெஸ்ட்பேலியா 1648, வியன்னா 1815, வெர்சேல்ஸ் 1919. ஐரோப்பாவின் எல்லைகள் அங்கே மாறின, இங்கே மாறின என்று இரண்டு மார்க்குக்கு மனப்பாடம் செய்து, பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுவார்கள். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குப் போகும் பஸ்ஸில், ஜன்னலுக்கு வெளியே சீமைக் கருவேலம் ஓடிக்கொண்டிருக்கும்போது, பாரிஸ் யாருக்கு ஞாபகம் வரப்போகிறது? ஆனால் வரவேண்டும் நண்பர்களே!

1746ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள். 1748ல் ஐரோப்பாவில் கையெழுத்தான எய்க்ஸ்-லா-ஷபேல் உடன்படிக்கையின்படி சென்னை ஆங்கிலேயருக்குத் திரும்பியது. பதிலுக்குப் பிரான்சுக்குக் கிடைத்தது கனடா பக்கம் இருக்கும் லூயிஸ்பர்க் கோட்டை. எங்கேயோ இருக்கும் ஒரு கோட்டைக்குச் சென்னையை மாற்றிக்கொண்டார்கள், அவ்வளவுதான். சென்னையில் இருந்தவர்களை யாரும் கேட்கவில்லை.

அடுத்தது 1763 பாரிஸ் உடன்படிக்கை. ஏழாண்டுப் போரை முடித்து வைத்தது. அதன் 11வது பிரிவில் ஒரு வரி: முகமது அலிதான் கர்நாடகத்தின் முறையான நவாப் என்று இங்கிலாந்தும் பிரான்சும் ஒப்புக்கொள்கின்றன. அதே பிரிவில் தக்காணத்தின் சுபேதாராக சலாபத் ஜங்கையும் ஏற்றுக்கொண்டார்கள். வேடிக்கை என்னவென்றால், அதற்கு முந்தைய வருடமே அவரைத் தம்பி நிஜாம் அலி பதவியிலிருந்து இறக்கிச் சிறையில் போட்டுவிட்டார். பாரிசுக்கு சேதி போய்ச் சேரவில்லை போலும்!

முகமது அலி விஷயத்தில் வேடிக்கை இல்லை. அவர் கும்பெனியிடம் வாங்கிய கடன் மலை மாதிரி வளர்ந்தது. கடனை அடைக்கக் கப்பம் வேண்டும், கப்பத்துக்கு பாளையங்களும் மறவர் சீமையும் வேண்டும். 1772ல் நவாபின் படையும் கும்பெனிப் படையும் சேர்ந்து ராமநாதபுரத்தைப் பிடித்தன. திருச்சுழி அந்தச் சேதுபதி சீமையைச் சேர்ந்த ஊர். சின்னப் பையனாக இருந்த முத்துராமலிங்க சேதுபதியைத் திருச்சிக் கோட்டையில் அடைத்தார்கள்.

இதையெல்லாம் விட முக்கியமானது 1792 ஒப்பந்தம். பெயருக்கு நவாபே அரசர். ஆனால் பாளையக்காரர்களிடம் பேஷ்குஷ் வசூலிக்கும் வேலை நேராகக் கும்பெனிக்குப் போனது. காகிதத்தில் பார்த்தால் கணக்கு வழக்கில் ஒரு சின்ன மாற்றம். ஊரில் பார்த்தால், தாமதம் சொல்லியும் தவணை கேட்டும் சமாளிக்க முடிந்த நவாபுக்குப் பதிலாக, தேதி போட்டு கிஸ்தி கேட்கும் கலெக்டர் வந்து நின்றார். மழை பொய்த்தால் ஒன்றும் விளையாத மானாவாரிப் பூமியில் இந்த வித்தியாசம் சாதாரணமா? ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் இரண்டே தரப்பு. கட்ட வேண்டிய பணமோ கையெழுத்தே போடாத சம்சாரியின் களத்திலிருந்து வரவேண்டும்.

1795ல் சேதுபதியைக் கும்பெனி பட்டத்திலிருந்து இறக்கியது. 1798ல் கலெக்டர் ஜாக்சன், பாக்கி பற்றிப் பேச வரச்சொல்லிவிட்டு, கட்டபொம்மனை ஊர் ஊராக அலையவிட்டார். குற்றாலத்தில் தொடங்கி, கமுதி வழியாக, ராமநாதபுரத்தில்தான் பேட்டி கிடைத்தது. அது எப்படி முடிந்தது என்று சினிமா பார்த்த எல்லோருக்கும் தெரியும். 1799 ஏப்ரலில் மயிலப்பன் சேர்வைக்காரர் தலைமையில் முதுகுளத்தூர், கமுதி, அபிராமம் பக்கத்து மக்கள் எழுந்து கும்பெனியின் கிடங்குகளைத் தாக்கினார்கள். பாடப்புத்தகத்தில் இவருக்கு இன்னும் கொஞ்சம் இடம் கொடுத்திருக்கலாம்.

அதே வருடம் அக்டோபர் 16ல் கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள். 1801 ஜூலை 31ல் புது நவாப் அசீம்-உத்-தௌலா இன்னொரு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு அவருக்கு, ஆட்சி முழுதும் கும்பெனிக்கு. மருது சகோதரர்கள் அப்போது போரில் இருந்தார்கள். மூன்றே மாதத்தில், அக்டோபர் 24ல், அவர்களும் திருப்பத்தூரில் தூக்கில் தொங்கினார்கள். மயிலப்பன் 1802ல்.

1803ல் ராமநாதபுரம் ஜமீனாக்கப்பட்டு, மங்களேசுவரி நாச்சியாரிடம் ஒப்படைக்கப்பட்டது. முத்துராமலிங்க சேதுபதி ஊர் திரும்பவே இல்லை. 1809ல் சென்னைக் கோட்டையில் கைதியாகவே இறந்தார். ஜமீனோ 1948 ஒழிப்புச் சட்டம் வரும்வரை இருந்தது.