தெளிந்து துணிதல்

நோய்க்கு மருந்து உண்பது எளிய செயலாகத் தோன்றலாம். ஆனால், நோயாளி முதியவராயும், நோய் கொடியதாயும், மருந்து புதியதாயும் இருந்தால், அம்மருந்தை ஏற்பதா விடுப்பதா என்று முடிவு செய்வது அரிது. உயிரின்மேல் உள்ள ஆசை ஒருபுறம் இழுக்கும். உடலின் தளர்ச்சி மறுபுறம் அச்சுறுத்தும். அந்நிலையில் எவ்வாறு சிந்திக்க வேண்டும் என்பதற்கு, அமெரிக்க நாட்டின் குடியரசுத் தலைவராய் விளங்கிய ஜிம்மி கார்ட்டரின் வாழ்க்கை நல்ல சான்றாகும்.

2015-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் கார்ட்டருக்கு வயது 90. அவருடைய கல்லீரலில் இருந்த கட்டியை மருத்துவர்கள் அறுத்து அகற்றினார்கள். அது மெலனோமா என்னும் புற்றுநோய் எனத் தெரிந்தது. மூளையிலும் நான்கு சிறு புள்ளிகள் காணப்பட்டன. அவருடைய தந்தையும் தம்பியும் தங்கையர் இருவரும் கணையத்தில் தோன்றிய புற்றுநோயால் மாண்டவர்கள். ஆதலால், அந்நோயின் கொடுமையை அவர் நன்கு அறிந்திருந்தார்.

மூளைக்குக் கதிர்வீச்சு மருத்துவமும், அதனுடன் பெம்புரோலிசுமாப் என்னும் புதிய மருந்தும் தருவதாக முடிவாயிற்று. மூன்று வாரங்களுக்கு ஒருமுறை கைந்நரம்பின் வழியே சொட்டுச் சொட்டாக ஏற்றப்படும் மருந்து அது. அமெரிக்க அரசின் ஒப்புதலைப் பெற்று அதற்கு ஓராண்டுகூட நிறைந்திருக்கவில்லை.

அம்மருந்து வேலை செய்யும் முறை வியப்பானது. நம் குருதியில் நோயை எதிர்க்கும் காவல் அணுக்கள் உண்டு. அவை உடலின் நல்ல அணுக்களைத் தாக்காதபடி, வண்டிக்குப் பிரேக்குப் போல, ஒரு தடை அவற்றில் அமைந்துள்ளது. புற்றணுக்கள் அத்தடையை அழுத்தித் தாம் தப்பித்துக்கொள்கின்றன. மருந்து அத்தடையை நீக்குகிறது. காவல் அணுக்கள் எழுந்து பகையை அழிக்கின்றன. இத்தகைய தடைகளை ஆராய்ந்து உண்மை கண்ட ஜேம்ஸ் ஆலிசன், தசுக்கு ஹோஞ்சோ என்னும் அறிஞர் இருவருக்கும் 2018-இல் நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

ஆயினும், தடை நீங்கிய காவலர் சிலவேளை வீட்டாரையே தாக்கிவிடுவர். நுரையீரலும் குடலும் கல்லீரலும் அதனால் புண்படக்கூடும். மேலும், இம்மருந்து எல்லோருக்கும் பயன் தருவதில்லை. எனவே, வயதை மட்டும் எண்ணிப் பார்த்தல் போதாது. உடல் எவ்வளவு தாங்கும்? மருந்தால் பெறுவது என்ன? இழக்க நேர்வது என்ன? தீங்கு தோன்றினால் இடையில் நிறுத்த இயலுமா? இவற்றைக் கேட்டறிதல் வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, நோயாளி விரும்புவது யாது என அறிதல் வேண்டும்.

கார்ட்டர் தம் நோயை மறைக்கவில்லை. ஆகஸ்டு 20-ஆம் நாள் செய்தியாளர்களை அழைத்து யாவற்றையும் அமைதியாக எடுத்துரைத்தார். எது வரினும் ஏற்கும் உள்ளத்தோடு மருத்துவத்துக்கு உடன்பட்டார். அறுவையும் கதிரும் மருந்தும் கூடிப் பயன் தந்தன. அவ்வாண்டு டிசம்பரில் மூளையில் புற்றுநோயின் அடையாளம் காணப்படவில்லை. 2016 மார்ச்சில், இனி அம்மருந்து வேண்டா என மருத்துவர் நிறுத்தினர்.

2023 பிப்பிரவரியில், தமது 98-ஆம் வயதில், மருத்துவமனைக்குப் பலமுறை சென்று வந்த பின், அவர் வேறொரு முடிவு செய்தார். மேலும் மருத்துவம் வேண்டா. எஞ்சிய நாள்களை வீட்டில் குடும்பத்தாருடன் கழிப்பதே போதும் என்றார். 2024 டிசம்பர் 29-ஆம் நாள், 100 வயது நிறைந்தவராய் மறைந்தார். முன்னர் மருந்தை ஏற்றதும் பின்னர் மறுத்ததும் ஒரே மனிதர்தாம். இரண்டு முடிவுகளும் அவருடையனவே.

நம் வீடுகளில் முதியவர்க்கு இந்நோய் வந்தால், மக்களும் உறவினரும் தனியே கூடிப் பேசி, நோயின் பெயரையும் அவருக்கு உரைக்காமல் முடிவு செய்வது உண்டு. அன்பினால் செய்வதே எனினும், அது முதியவரின் உரிமையை அவரிடமிருந்து எடுத்துக்கொள்வதாகும். மருத்துவத்தை நான்கு கூறுகளாக வகுத்த திருவள்ளுவர், நோயுற்றவனையே முதலில் வைத்தார். மருத்துவனையும் மருந்தையும் அருகிருந்து பேணுவோனையும் அவனுக்குப் பின்னரே வைத்தார். ஆகவே, முதியவரின் அருகில் அமர்ந்து, உண்மையை இனிய சொற்களால் எடுத்துரைத்து, அவர் விருப்பத்தைக் கேட்டபின் முடிவு செய்வதே அவருக்கு நாம் செய்யும் முதல் தொண்டாகும்.