அம்மாவின் பத்துமலை

“பத்துமலைக்கு எப்பய்யா கூட்டிட்டுப் போறே?” என்று அம்மா மூன்று மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். எண்பதை எட்டப்போகிறவரைத் தைப்பூசக் கூட்டத்தில் எப்படி அழைத்துப்போவது? பூசம் கழிந்து, பள்ளி விடுமுறையில் ஒருநாள் காலை, கிள்ளானிலிருந்து காரில் கூட்டிப்போனேன்.

வண்டியை விட்டு இறங்கியதும் அம்மா அண்ணாந்து பார்த்தார். பொன்னிறத்தில் 140 அடி உயர முருகன். பக்கத்தில் வானவில் நிறங்களில் படிக்கட்டு. என் கையைப் பிடித்துக்கொண்டு, “இது எந்த ஊரு கோயிலுய்யா?” என்றார்.

“பத்துமலைதாம்மா.”

“இல்லே.”

நான் விடவில்லை. இருபது ஆண்டாகச் சிவப்பு மை பிடித்த கை. தப்பு என்று கண்டால் திருத்தியே ஆகவேண்டும். “நல்லாப் பாருங்கம்மா! போன வருஷங்கூட வந்தோமே!” என்று குரலை உயர்த்தினேன். அர்ச்சனைத் தட்டு விற்றுக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். அம்மா சின்னப் பிள்ளைபோல அழத் தொடங்கிவிட்டார். இதை எழுத இப்போதும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

கூட்டத்தை விட்டு விலகி, காவடி எடுப்பவர்கள் குளித்துப் புறப்படும் பத்து ஆற்றங்கரைக்கு மெல்ல அழைத்துப்போனேன். தண்ணீரைப் பார்த்ததும் அம்மாவின் முகம் மாறியது. தோட்டத்து லாரியில் விடியுமுன் வந்து இறங்கியது, ஈரச் சேலையோடு பாட்டி பால்குடம் எடுத்தது, கூட்டத்தில் தங்கை தொலைந்துபோய்ப் பொரி விற்கிறவரிடம் கிடைத்தது என்று வரிசையாகச் சொன்னார். பேசும்போதே இரண்டு கைகளும் தலைக்கு மேல் உயர்ந்து குடத்தைப் பிடித்தன. “படி எத்தனைம்மா?” என்றேன். “இருநூத்தி எழுவத்திரெண்டு. எண்ணிக்கிட்டேதானே ஏறுவோம்.” ஒரு தடுமாற்றமும் இல்லை.

பிறகு என்னை நன்றாக உற்றுப் பார்த்து, மரியாதையாகக் கேட்டார்: “நீங்க எந்தத் தோட்டம், தம்பி?”

என் நெஞ்சு அடைத்துப்போயிற்று.

வீடு திரும்பிய பின்தான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பெரிய முருகன் சிலை திறக்கப்பட்டது 2006இல். படிகளுக்கு வண்ணம் பூசியது 2018இல். இரண்டும் அம்மாவின் முதுமைக் காலத்தில் வந்தவை. அவருடைய பத்துமலையில் வெறும் சிமெண்டுப் படிகளும் சுண்ணாம்புப் பாறையுந்தான். அவர் தேடியது அதை. நான் காட்டியது வேறொன்றை.

ஆசிரியர் பயிற்சியில் பிள்ளைகளின் மனம் எப்படி வளர்கிறது என்று படித்தோம். முதியோர் மனம் எப்படித் தளர்கிறது என்று ஒரு பாடமும் இல்லை. மருத்துவர் சொன்னதைக் கொண்டும் நூல்களைப் புரட்டியும் இப்போதுதான் தெரிந்துகொள்கிறேன். நினைவுகள் எல்லாம் ஒரே பெட்டியில் இருப்பதில்லையாம். மூளையின் உட்பகுதியில், காதுகளுக்கு நேராக, பக்கத்துக்கு ஒன்றாகக் கடல்குதிரை போன்ற இரண்டு சிறு பாகங்கள் உண்டு. ஹிப்போகேம்பஸ் என்று பெயர். இன்று நடந்ததைப் பதிந்து வைப்பதில் அதற்கே முக்கிய வேலை. நாளாக ஆக அந்த நினைவுகள் மூளையின் மேற்பரப்பில் பரவலாக வேர்பிடிக்கின்றன. அல்ஸைமர் நோய் பெரும்பாலும் இந்தக் கடல்குதிரையையும் அதன் அக்கம்பக்கத்தையுமே முதலில் அரிக்கிறது. அதனால்தான் காலையில் குடித்த கோப்பி மறந்துபோகிறது. சிறுவயது லாரிப் பயணம் நிற்கிறது. புதியது முதலில் போகும், பழையது பிறகு என்பதைப் பிரெஞ்சு அறிஞர் ரிபோ 1881இலேயே எழுதியிருக்கிறார். அல்ஸைமர் என்ற ஜெர்மன் மருத்துவர் ஒரு பெண்மணியின் மூளையை ஆராய்ந்து இந்த நோயை விவரித்தது அதற்கும் பிறகு, 1906இல். பத்து வயதுக்கும் முப்பதுக்கும் இடைப்பட்ட நினைவுகளே முதியவர்களுக்கு அதிகம் மேலே வரும் என்றும் ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள்.

எனக்கு வயது 46. பழைய மாணவன் பசாரில் வணங்கி நிற்கிறான்; பெயர் நாக்கு நுனியில் நிற்கிறது, வெளியே வரமாட்டேன் என்கிறது. ‘எனக்கும் ஆரம்பித்துவிட்டதோ’ என்று பயந்தேன். மருத்துவர் சிரித்தார். வயது ஏறினால் எல்லாருக்கும் மூளை கொஞ்சம் சுருங்கும், வேகம் குறையும், அது நோயல்ல. மறந்த பெயர் மாலையில் தானாக வந்துவிடும். பல ஆண்டு நடந்த வழி தெரியாமல் நடுத்தெருவில் நின்றால்தான் உடனே கவனிக்க வேண்டும் என்றார்.

எனக்கு வருத்தம் ஒன்று உண்டு. “வயசாயிடுச்சு, அப்படித்தான்” என்று நம்மவர்கள் விட்டுவிடுகிறோம். நானும் ஓராண்டு அப்படித்தான் விட்டேன். வைட்டமின் பி12 குறைந்தாலும், தைராய்டு சுரப்பி சரியாக வேலை செய்யாவிட்டாலும், மனச்சோர்வினாலும், சில மாத்திரைகளாலும்கூட மறதி வரும். இவற்றுக்கு மருத்துவம் செய்யலாம். பலருக்குக் குணம் தெரியும். இரத்தத்தைச் சோதித்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடுகிறது. அம்மாவுக்கு அவை எதுவும் இல்லை. அவருக்கு வந்திருப்பது திரும்பிப் போகாத நோய். கொடுக்கும் மாத்திரை சற்றுத் தாங்கிப் பிடிக்கும், அவ்வளவுதான்.

போய் வந்த மறுநாள் காலை கோப்பி கலக்கிக் கொடுத்தேன். அம்மா வாங்கிக்கொண்டு கேட்டார்: “பத்துமலைக்கு எப்பய்யா கூட்டிட்டுப் போறே?”

‘நேற்றுத்தானே போனோம்’ என்பது வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

“லாரி எத்தனை மணிக்கும்மா?”

“விடியக்காலை மூணு மணிக்கு. சீக்கிரம் படு.”