எதைப் பதிவது, எத்தனை நாள் வைப்பது, யார் திறப்பது

தமிழ்நாடு-கேரள எல்லையில் கோபாலபுரம் செக்போஸ்ட்டில் நிற்கும் லாரியிடம் கேட்கப்படுவது லோடு என்ன, பில் இருக்கிறதா, பெர்மிட் சரியா என்பதுதான். கேபினில் உட்கார்ந்து டிரைவர் வீட்டுக்குப் போனில் என்ன பேசினார் என்று யாரும் கேட்பதில்லை. அலுவலகத்தின் இணைய வாசலில் நாங்கள் வைக்கும் ஃபயர்வாலுக்கும் இதுதான் எல்லை என்பது, சிஸ்டம் அட்மின் வேலையை உள்ளிருந்து பார்ப்பவனாக என் உறுதியான கருத்து. உள்ளே வைரஸ் வருகிறதா, வெளியே வாடிக்கையாளர் விவரம் போகிறதா என்று பார்ப்பது எங்கள் கடமை. ஊழியர் எத்தனை நிமிடம் எதைப் பார்த்தார் என்று கணக்கு வைப்பது வேறு வேலை. ஆனால் இரண்டுக்கும் வேண்டிய தகவல் ஒரே லாக் ஃபைலில்தான் விழுகிறது. அதனால் இந்த எல்லையை மேனேஜர் ரிப்போர்ட் கேட்டு வந்து நிற்கும் நாளில் போட முடியாது. கருவியை செட் செய்யும் நாளிலேயே போட்டாக வேண்டும்.

ஒரு லாக் வரியில் உண்மையில் என்ன இருக்கிறது? நேரம், 192.168.10.37 என்பதுபோல ஓர் ஐ.பி. எண், தொட்ட தளத்தின் பெயர், போய்வந்த டேட்டாவின் அளவு, இவ்வளவுதான். இன்று பெரும்பாலான தளங்கள் என்க்ரிப்ட் ஆகி வருவதால் தளத்தின் பெயர் தெரியும், பக்கத்தில் படித்தது தெரியாது. அந்த எண்கூட ஆளின் பெயர் அல்ல. டி.எச்.சி.பி. பங்கிட்டுக் கொடுக்கும் எண் நாளை வேறொரு மெஷினுக்குப் போகலாம். காலையில் ஒரு செய்தித் தளத்தைத் திறந்துவிட்டு அந்த டேபை மூட மறந்தவரை எடுத்துக்கொள்வோம். அவர் நாள் முழுக்க எக்செலில் வேலை செய்தாலும், பின்னணியில் விளம்பரங்கள் தாமாகப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும். மாலை ரிப்போர்ட்டில் அவர் மணிக்கணக்கில் செய்தி படித்தவராகத் தெரிவார். இந்த விவரம் அறியாத ஒருவர் கையில் அந்தத் தாள் போனால், மறந்துபோன ஒரு டேப் சம்பள உயர்வைத் தடுத்துவிடும்.

கீபோர்டையும் மவுஸையும் அளக்கும் மென்பொருள்கள் இந்தப் பிழையைப் பல மடங்காக்குகின்றன. அளப்பது எது என்று தெரிந்துவிட்டால் ஊழியர் அதைத்தான் உற்பத்தி செய்வார். அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி 2024 மே மாதத்தில் ஒரு டஜனுக்கும் மேற்பட்டவர்களை வேலையைவிட்டு நீக்கியது. கீபோர்டு இயங்குவதுபோலப் பாவனை காட்டி வேலை செய்வதாகத் தோற்றம் உண்டாக்கினார்கள் என்பது குற்றச்சாட்டு. மவுஸைத் தானாக அசைக்கும் ஜிக்லர் கருவியை ஆன்லைனில் யாரும் வாங்கலாம். அவர்கள் செய்தது சரியென்று நான் வாதிடவில்லை. ஆனால் வேலையின் பலனைப் பார்க்காமல் விரலின் அசைவைப் பார்த்த இடத்தில்தான் அசைவைப் போலி செய்ய வழி பிறக்கிறது. யோசிக்கிறவரின் கை சும்மா இருக்கும். நல்ல கணக்கர் ஒரு வவுச்சரை இருபது நிமிடம் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த இருபது நிமிடத்தை 'ஐடில்' என்று எழுதும் கருவிக்கு அவர் தொழில் தெரியாது.

'கம்ப்யூட்டர் கம்பெனியுடையது, நெட் கம்பெனியுடையது, நேரத்துக்குச் சம்பளமும் கொடுக்கிறோம், பார்த்தால் என்ன?' என்று முதலாளிகள் கேட்பார்கள். நியாயமான கேள்வி, பாதிக்கு நான் உடன்படுகிறேன். சொத்து அவர்களுடையது; அதைக் காப்பாற்றும் உரிமையும் உண்டு. ஆனால் அதில் பேசுகிற மனிதர் அவர்களுடைய சொத்து அல்ல. ருமேனியாவில் பர்புலெஸ்கு என்ற பொறியாளர் கம்பெனி வேலைக்காகத் தொடங்கிய யாஹூ மெசஞ்சர் கணக்கில் தம் சகோதரரிடமும் மணக்கப்போகும் பெண்ணிடமும் பேசியதை நிறுவனம் பதிவுசெய்து, 2007இல் அவரை நீக்கியது. வழக்கு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பெரிய அமர்வுவரை போய், 2017 செப்டம்பர் 5 அன்று 11க்கு 6 என்ற கணக்கில் அவர் பக்கம் தீர்ப்பானது. கண்காணிக்கவே கூடாது என்று நீதிபதிகள் சொல்லவில்லை. முன்கூட்டிச் சொன்னீர்களா, எவ்வளவு தூரம் பார்த்தீர்கள், காரணம் என்ன, இதைவிடக் குறைவாகப் பார்த்து முடித்திருக்க முடியாதா என்று கேட்டார்கள். அதற்குப் பன்னிரண்டு நாள் முன்பு, ஆகஸ்ட் 24 அன்று, நம் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் புட்டசாமி வழக்கில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். ஆனால் 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வேலைவாய்ப்பு தொடர்பான தேவைக்கும் நிறுவனத்தை இழப்பிலிருந்து காக்கவும் ஊழியரின் சம்மதம் இல்லாமலே தரவைக் கையாள 7ஆம் பிரிவில் இடம் தருகிறது. சம்மதம் கேட்கும்போது தரவேண்டிய அறிவிப்பும் அங்கே கட்டாயம் இல்லை. அந்த இடைவெளியை நிரப்பும் பொறுப்பு எங்களைப் போன்றவர்கள் மேல் விழுகிறது.

'ஆள் உள்ளேயிருந்தே டேட்டாவைத் திருடினால்?' என்ற கேள்விதான் கனமானது. திருட்டு நடக்கிறது. சட்டக் கடமையும் இருக்கிறது: மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த உத்தரவுப்படி லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். ஆகவே பதியாமல் இருக்க முடியாது. ஆனால் 180 நாள் வைக்கச் சொன்னது எல்லோரும் தினம் புரட்டிப் பார்ப்பதற்காக அல்ல. யு.எஸ்.பி. போர்ட்டை அடைக்கலாம், வாடிக்கையாளர் பட்டியல் இருக்கும் ஃபோல்டருக்கு மட்டும் அலர்ட் வைக்கலாம், அளவுக்கு மீறிய அப்லோடுக்கு மணி அடிக்க வைக்கலாம். இவற்றுக்கு ஊழியரின் சாட்டைப் படிக்கத் தேவையில்லை. எஸ்.எஸ்.எல். இன்ஸ்பெக்‌ஷனைத் திறப்பதில்தான் எனக்குப் பெரிய தயக்கம். கம்பெனியின் சர்ட்டிஃபிகேட்டை எல்லா மெஷினிலும் ஏற்றிவிட்டால் பூட்டிய பக்கமும் எங்களுக்குத் திறந்துவிடும். பேங்க் பாஸ்வேர்டும் மருத்துவமனை ரிப்போர்ட்டும் அதில் அடக்கம். திறந்தே ஆகவேண்டும் என்றால் வங்கி, மருத்துவத் தளங்களை முதலிலேயே விலக்கிவிட வேண்டும். தனி ஒருவரின் லாக்கைத் திறக்க எழுத்துமூலமான காரணமும் இரண்டு பேர் கையெழுத்தும் வேண்டும், திறந்தது யார் என்பதும் பதிவாக வேண்டும்.

எங்கள் எல்லைப் பக்கத்திலிருந்து பொள்ளாச்சிக்கும் கஞ்சிக்கோட்டுக்கும் வேலைக்குப் போகிறவர்களில் ஒருவருக்கு வாசிக்கத் தெரிந்தது தமிழ், அடுத்த நாற்காலிக்காரருக்கு மலையாளம். சேரும் நாளில் ஆங்கிலத் தாளில் வாங்கும் கையெழுத்தை முன்கூட்டிச் சொன்னதாக நான் ஏற்க மாட்டேன். இரண்டு மொழியிலும் அரைப் பக்கம் போதும்: எந்தத் தகவல் பதிவாகும், எது பதிவாகாது, எத்தனை நாளில் அழியும், யார் திறக்கலாம், தவறு நேர்ந்தால் யாரிடம் கேட்கலாம். ஆபீஸ் வைஃபையில் சேர்த்த சொந்தப் போனும் இதே லாக்கில் வரும் என்ற வரியைத் தடித்த எழுத்தில் போட வேண்டும், ஏனென்றால் பெரும்பாலோருக்குத் தெரியாதது அதுதான்.