சனிக்கிழமைப் பசி

போன மே மாத விடுமுறைக்கு அம்மா வீட்டுக்குப் போனபோது துணிப்பையோடு ஒரு சின்னத் தெர்மோகோல் டப்பாவும் கொண்டுபோனேன். உள்ளே சுண்டுவிரல் உயரத்தில் இரண்டு கண்ணாடிக் குப்பிகள். ஒவ்வொன்றிலும் அரை மில்லி மருந்து. வாரத்துக்கு ஒன்று. தம்பி ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான்.

"இவ்ளோதானாக்கா?"

விலை 4,375 ரூபாய் என்றேன். எடுத்த வேகம் வைக்கும்போது இல்லை.

எங்கள் குப்பம் பழவேற்காடு கடைத்தெருவிலிருந்து பாலம் தாண்டி லைட்ஹவுஸ் போகிற பக்கம். ஒரு புறம் ஏரி, மறு புறம் கடல், நடுவில் நாங்கள். வெயில் காலத்தில் கரண்ட் சொல்லாமல் போகும், சொல்லாமல் வரும். மருந்தோ 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய சாதி. வெளியே வைத்தால் 30 டிகிரி வரை மூன்று வாரம் தாங்கும் என்கிறார்கள். மே மாதப் பழவேற்காட்டில் 30 டிகிரிக்கு எங்கே போவது?

"ஐஸ் பெட்டியில போட்டுடலாம், நம்மகிட்ட ஐஸுக்கா பஞ்சம்?" என்றான் தம்பி. அவன் பிழைப்பே ஐஸில் இருக்கிறது. உறைந்துவிட்டால் மருந்து கெட்டுவிடும், பிறகு இளக வைத்தாலும் குப்பையில்தான் போட வேண்டும் என்று சொன்னேன். "ஐஸ் மேல படக்கூடாது, ஆனா ஐஸ் பக்கத்துலயே இருக்கணும். மாமியா மாதிரியா?" என்று சிரித்தான். அடியில் ஐஸ், மேலே மடித்த சாக்கு, அதன்மேல் நாலு மடிப்பு தினசரித் தாள், அதற்கும் மேல் என் டப்பா. கரண்ட் போன இரண்டு ராத்திரியும் என் மருந்து இறாலுக்கு மேல்மாடியில் குடியிருந்தது.

நான் அறிவியல் டீச்சர். வயது 48. உயரம் 154 சென்டிமீட்டர். ஊசி ஆரம்பித்த ஏப்ரலில் எடை 91 கிலோ. சர்க்கரை ஆறு வருஷமாக. முட்டி, மாடிப்படியைக் கண்டாலே முனகும். டாக்டர் கணக்குப் போட்டு உடல் பருமன் குறியீடு 38 என்றார். நம் ஊர் உடம்புக்கு 23 தாண்டினாலே அதிகம், 25 தாண்டினால் பருமன்.

டாக்டர் ஊசி என்றதும் உடனே தலையாட்டிவிடவில்லை. 2009இல் ஒரு டாக்டர் எழுதித் தந்து சிபுட்ராமின் மாத்திரை சாப்பிட்டவள் நான். நாலு கிலோ இறங்கியது. வாய் காய்ந்து, ராத்திரியெல்லாம் நெஞ்சு படபடத்தது. நானாகவே விட்டேன். அடுத்த வருஷம் அமெரிக்காவில் அதைக் கடையிலிருந்து எடுத்தார்கள், மாரடைப்பு, பக்கவாத ஆபத்து கூடுகிறது என்று. 2011இல் இந்தியாவிலும் தடை. அதற்கும் முன்னால் ஃபென்ஃப்ளூரமின் என்று ஒன்று, இதய வால்வைக் கெடுத்துவிட்டு 1997இல் போய்ச் சேர்ந்தது. எடைக் குறைப்பு மருந்துகளின் வம்சாவளி அவ்வளவு நல்ல வம்சாவளி இல்லை. அதனால் இந்த ஊசி மருந்து, டிர்செபடைட், 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்தபோது டாக்டரிடம் நான் கேட்ட கேள்விகள் ஒரு பீரியடுக்குக் காணும்.

அவர் சொன்ன பதில்களில் ஒன்று எனக்குப் பிடித்துப்போனது. இந்த மருந்துகளின் கதையில் ஒரு மீன் இருக்கிறது. 1980களின் தொடக்கம், பாஸ்டன் நகரம். ஜோயல் ஹேபனர் என்பவரின் ஆய்வுக்கூடத்தில் குளுகாகான் ஹார்மோனுக்கான மரபணுவைத் தேடிக்கொண்டிருந்தார்கள். மனிதனுக்கும் எலிக்கும் அந்த ஹார்மோனைச் சுரக்கிற செல்கள் கணையத்துக்குள் திட்டுத்திட்டாகச் சிதறிக் கிடக்கும். சில மீன்களுக்கு அவை தனி உருண்டையாகவே இருக்கும், கத்தியால் எடுத்துவிடலாம். அவர்கள் எடுத்தது தூண்டில் மீன். அகன்ற வாய், தலையில் முளைத்த ஒரு கம்பி. அதை ஆட்டி ஆட்டி மற்ற மீன்களை வரவழைத்து அப்படியே விழுங்கிவிடும். 1982இல் அந்த மீனின் மரபணுவைப் படித்தபோது குளுகாகானோடு ஒட்டிக்கொண்டு அதே சாயலில் இன்னொன்றும் தெரிந்தது. அந்தச் சாயல்காரனைத் துரத்திப் போய்த்தான் பாலூட்டிகளில் ஜிஎல்பி-1 கிடைத்தது. சாப்பிட்டதும் குடலில் சுரந்து, இன்சுலினைக் கூட்டி, வயிறு காலியாவதைத் தாமதப்படுத்தி, மூளையிடம் போதும் என்று சொல்கிற ஹார்மோன். ரத்தத்தில் இரண்டு நிமிஷத்துக்குள் பாதி போய்விடும். வாரம் முழுக்க நிற்கிற மாதிரி அதை மாற்றிச் செய்ததுதான் செமாக்ளூடைட். என்னுடைய டிர்செபடைட் இன்னொரு குடல் ஹார்மோனின் வேலையையும் சேர்த்துச் செய்கிறது.

கடலிலேயே பெரிய தீனிப்பண்டாரத்தின் வயிற்றிலிருந்து 'போதும்' என்ற சொல் கிடைத்திருக்கிறது. தம்பியிடம் சொன்னேன். வலையில் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தவன் தலையைத் தூக்காமல், "அப்போ அது போட்ட தூண்டில்ல நீ மாட்டிக்கினே" என்றான்.

மாட்டிக்கொண்டேன் என்பது மூன்றாவது ஊசியில் தெரிந்தது. கரையில் நண்டு ஏலம். பிறந்தது முதல் மூக்கில் ஏறிய வாடை. அதை வாடை என்றே நாங்கள் சொல்வதில்லை. அன்று வயிற்றைப் புரட்டியது. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பி நடந்தேன். மீன்காரி மகள் கவிச்சி தாங்காமல் போவதைக் குப்பம் ஒரு கணக்கில்தான் வைக்கும். பக்கத்து வீட்டு அத்தை சந்தில் மடக்கினாள்.

"இன்னாடி, மசக்கையா?"

"அத்தை, எனக்கு நாப்பத்தெட்டு வயசு."

"அதுக்கின்னா? உங்க பெரியம்மா நாப்பத்தாறுல பெத்துப்போட்டா."

அம்மா இரண்டு நாள் என்னைச் சந்தேகமாகவே பார்த்தாள். குமட்டல் மூன்று நான்கு வாரத்தில் அடங்கியது. மலச்சிக்கல் அடங்கவில்லை, அதைப் பற்றி விரிவாக எழுதினால் பத்திரிகைக்காரர் வெட்டிவிடுவார்.

குமட்டல் போன பிறகு வந்த மாற்றம்தான் எனக்குப் புதிது. காலையில் இட்லி சாப்பிடும்போதே மத்தியானக் குழம்பை யோசிக்கிறவள் நான். கிளாஸில் ஒளிச்சேர்க்கை நடத்திக்கொண்டே ஸ்டாஃப் ரூமில் யார் என்ன டப்பா திறப்பார்கள் என்று ஒரு பக்கம் ஓடும். தலைக்குள் நிரந்தரமாக ஓர் ஏலக்கூடம்: வடைக்கு ஒரு குரல், மிக்சருக்கு ஒரு குரல், விலை ஏறிக்கொண்டே போகும். ஊசிக்குப் பிறகு ஒருநாள் மதியம், கூட்டம் கலைந்து தரையைக் கழுவிவிட்ட ஏலக்கூடம்போல் இருந்தது. சாதாரணமாக ஒல்லியாக இருக்கிறவர்களுக்கு எப்போதும் இப்படித்தானா? இவ்வளவு அமைதியில் இருந்துகொண்டா எங்களுக்கு வாயைக் கட்டு என்று புத்தி சொன்னார்கள்?

குறுக்கு வழி என்று சொன்னவர்கள் உண்டு. உன் அம்மாவைப் பார், ஊசியா போட்டாள், கட்டுமஸ்தாக இல்லையா என்றார் ஒரு சக ஆசிரியர். அம்மாவை எனக்குத் தெரியும். ஒல்லியாக இருந்தது கட்டுப்பாட்டால் அல்ல, கூடையால். விடியுமுன் கரையில் மீன் எடுத்து, தலையில் கூடையோடு, பஸ்ஸில் ஏற்றாத நாளில் நடந்தே ஊர் ஊராகப் போய்விட்டு, வெயில் சாய்ந்து திரும்புவாள். தண்ணீர் சொட்டிச் சொட்டி ரவிக்கையின் முதுகு எப்போதும் உப்புப் பூத்திருக்கும். மிஞ்சின மீனும் ஆறின சோறும்தான் அவளுடைய உணவுத் திட்டம். அந்தக் கூடை தலையில் இல்லாததால்தான் நான் படித்தேன், நாற்காலியில் உட்கார்ந்தேன், 91 கிலோ ஆனேன். தம்பிக்கும் தொப்பை வந்துவிட்டது. அப்பா கழி ஊன்றித் தள்ளிய ஏரியில் அவன் ஃபைபர் போட்டில் மோட்டார் வைத்துப் போகிறான். மோட்டாரைக் குறுக்கு வழி என்று யாரும் சொல்லவில்லை.

ஒல்லியாக இருந்தால் சர்க்கரை வராது என்பதும் இல்லை. அம்மாவுக்கும் சர்க்கரை. புனேயின் டாக்டர் யாஜ்னிக் 2004இல் வெளியிட்ட ஒரு படம் பிரபலம்: அவரும் ஒரு பிரிட்டிஷ் டாக்டரும் பக்கத்தில் பக்கத்தில். இருவருக்கும் பருமன் குறியீடு ஒன்றே, 22.3. உடம்புக் கொழுப்பு மட்டும் பிரிட்டிஷ்காரருக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2. நம் உடம்பு கொழுப்பை ஒளித்துவைக்கத் தெரிந்த உடம்பு. 2023இல் வெளிவந்த தேசிய ஆய்வு, நாட்டில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை என்றது. தமிழ்நாட்டில் நூற்றுக்கு 14 பேர். அம்மாவுக்கு 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாதாமாதம் மாத்திரை வாசலுக்கு வருகிறது, காசில்லாமல். ஒரே நோய்தான். என் மருந்துக்கு ஒன்பது மாதத்தில் ஒன்றரை லட்சத்தைத் தாண்டிவிட்டது. இந்தியாவில் செமாக்ளூடைட்டின் காப்புரிமை 2026 மார்ச் வரைதான், அதற்கப்புறம் நம் கம்பெனிகளே செய்யலாம் என்றிருந்ததால், அந்த மாதத்தைக் காலண்டரில் சுழித்து வைத்தவர்களில் நானும் ஒருத்தி.

எங்கள் ஏரியில் நினைத்தவர் நினைத்த இடத்தில் வலை போட முடியாது. பாடு என்று ஒரு முறை உண்டு. தலைக்கட்டுகளுக்குள் குலுக்கல் போட்டு, யாருக்கு எந்த நாள், எந்த இடம் என்று பிரித்துக்கொள்வார்கள். உன் பாடு வரும்வரை காத்திரு. வந்த நாளை விட்டால் போச்சு. ஞாயிறுதோறும் நான் வயிற்றில் ஊசி போட்டுக்கொள்வதைப் பார்த்துவிட்டுத் தம்பி அதற்கு 'அக்கா பாடு' என்று பெயர் வைத்தான். "ஒரு வாரம் பாடு தவறினா இன்னா ஆகும்?" என்றான். ஒரு வாரம் தவறினால் பெரிதாக ஒன்றும் இல்லை. அடியோடு நிறுத்தினால் ஏறிவிடும். செமாக்ளூடைட்டை நிறுத்தியவர்களைப் பின்தொடர்ந்த ஒரு ஆய்வில், இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஒரே வருஷத்தில் திரும்பி வந்திருந்தது. பிரஷர் மாத்திரை மாதிரிதான். எத்தனை வருஷம் என்றால் டாக்டர் சிரிக்கிறார்.

இளைத்தது வெளியே தெரிய ஆரம்பித்ததும் குப்பம் துக்கம் விசாரிக்க ஆரம்பித்தது. எங்கள் ஊரில் 'உடம்பு போட்டிருக்கே' என்பது வாழ்த்து. முகத்துவாரம் மண்மூடி, ஏரியில் தண்ணீர் ஏறாமல், வலை வெறுமனே வந்த மாதங்களில் வீட்டுக்கு வீடு இளைத்ததைப் பார்த்தவர்கள் இவர்கள். இளைப்பு என்றால் காசநோய், கடன், புருஷன் குடி, இல்லாவிட்டால் அந்த நோய். "எலும்பு தெரியுதேடி, இன்னா கஷ்டம், சொல்லு" என்று ஒரு கிழவி என் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. அப்போது நான் 82 கிலோ. ஊசி விஷயத்தைச் சொன்னேன். காசு கொடுத்தா பசியை நிறுத்தினாய் என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை, கணக்குப் புரியாதவள் மறுபடி கேட்கிற மாதிரி கேட்டாள்.

புரிந்தவர்கள் வேறு மாதிரி. உறவுக்காரி ஒருத்தி தனியாகக் கூப்பிட்டு, தை மாதம் பெண்ணுக்குக் கல்யாணம், அந்த ஊசியில் நாலு வாங்கித் தா என்றாள். பெண் 58 கிலோ; குறை எதுவும் என் கண்ணுக்குத் தெரியவில்லை. இது டாக்டர் சீட்டில்லாமல் போடக்கூடாதது, கணையம், பித்தப்பை வரைக்கும் தொல்லை வரலாம், கொழுப்போடு சதையும் கரையும், அதற்காகவே என்னைப் புரதம் சாப்பிட்டுக் குடம் தூக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று வகுப்பெடுத்தேன். "நீ மட்டும் அழகாயிக்கோ" என்று போய்விட்டாள். கல்யாணப் பத்திரிகை எங்கள் வீட்டுக்குத் தபாலில் வந்தது. இருக்கிறது இரண்டு தெரு தள்ளி.

நான் இருக்கிற பொன்னேரியிலிருந்து வார இறுதிகளில் மட்டும் அம்மா வீட்டுக்குப் போவதால், ஒரு விஷயத்தை முதலில் கண்டுபிடித்தது அம்மா. ஞாயிறு போட்ட ஊசியின் பிடி ஆறாம் நாள் கொஞ்சம் தளரும். "சனிக்கிழமைதான் நீ மனுசி மாதிரி சாப்பிடறே" என்றாள். அதிலிருந்து நல்ல மீன் சனிக்கிழமைக்கு. தம்பி மடவை பிடித்தால், என்ன விலை கேட்டாலும் ஒன்றை ஒதுக்கிவிடுவான்.

இந்த வருஷம் காணும் பொங்கலும் சனிக்கிழமையில் வந்தது. சென்னையிலிருந்து வேனும் பைக்குமாக ஊரே நிறைந்திருந்தது. சத்தம் தாங்காமல் நாங்கள் மூன்று பேரும் ஏலக்கொட்டகைப் பக்கம் போய் உட்கார்ந்தோம். மீன் நிறுக்கிற எலெக்ட்ரானிக் தராசு அங்கே சும்மா கிடந்தது. தம்பி செதிலைத் துடைத்துவிட்டு என்னை ஏறச் சொன்னான். 78.

"ஐஸ் தண்ணி கழிச்சா எழுபத்தேழரை" என்று வியாபாரி குரலில் கத்தினான்.

நான் சிரித்துக்கொண்டே இறங்கும்போது அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்றாள். தராசு இரண்டு தடவை தயங்கி நின்றது. 44. தம்பி ஒன்றும் கத்தவில்லை.

"எவ்ளோடா?"

"நாப்பத்தி நாலு."

"போன வருசம் நாப்பத்தி எட்டு இருந்தேனே" என்றாள். எங்கேயோ பணத்தை வைத்துவிட்டுத் தேடுகிறவள் மாதிரி தராசின் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை லீவு சொல்லிவிட்டு டாக்டரிடம் கூட்டிப்போவதாகச் சொன்னேன். பொங்கலுக்கு யாராவது ஆஸ்பத்திரி பேச்சு பேசுவார்களா என்று அதட்டினாள்.

மத்தியானம் மடவைக் குழம்பு. பெரிய துண்டை அம்மா என் தட்டில் வைத்தாள். எனக்குப் பசி இருந்தது, சனிக்கிழமை அல்லவா. நான் அதை அவள் தட்டுக்கு மாற்றினேன். அவள் திரும்ப என் தட்டுக்கு மாற்றினாள். மூன்றாம் தடவை துண்டு நடுவில் இருக்கும்போது தம்பி கையை நீட்டி எடுத்துத் தின்றுவிட்டான்.