நீலக் கோடு

என் மகன் மெல்பர்ன் நகரில் பணியாற்றுகிறான். 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நாடுகள் யாவும் கதவடைத்துக்கொண்டபோது, உயிர்ப்புப் பெருவிழாவுக்கு ஊர் வருவதாயிருந்த அவனது பயணம் நின்றுபோயிற்று. தொலைபேசியில் நலம் விசாரிக்க மூன்று நிமிடம் போதும். அதற்கப்பால் தந்தைக்கும் மகனுக்கும் பேச என்ன இருக்கிறது? தாயோடு மணிக்கணக்கில் பேசுபவன், என்னிடம் "உடம்பைப் பாத்துக்கோங்கப்பா" என்று முடித்துக்கொள்வான். ஒருநாள் அவனே ஒரு வழி சொன்னான். "நான் விளையாடுற விளையாட்டுக்கு நீங்களும் வாங்கப்பா. விளையாடிக்கிட்டே பேசலாம்." வங்கிக் கணக்கேடுகளோடு முப்பதாண்டு கழித்து விருப்ப ஓய்வு பெற்றிருந்த நான், ஐம்பத்தெட்டாம் வயதில் கணினி விளையாட்டு ஒன்றினுள் காலடி வைத்தது இவ்வாறுதான்.

அவ்விளையாட்டின் பெயர் வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட். அமெரிக்காவின் பிளிசார்ட் நிறுவனம் 2004ஆம் ஆண்டு நவம்பரில் அதனை வெளியிட்டது. ஆயிரக்கணக்கானோர் தத்தம் வீடுகளிலிருந்தபடியே ஒரே கற்பனை உலகில் ஒரே நேரத்தில் உலவலாம் என்பது அதன் சிறப்பு. ஆண்டுகள் செல்லச் செல்ல அது பெரிதும் மாறிவிடவே, பழைய வடிவமே வேண்டும் என்று கேட்டோர்க்காக 2019 ஆகஸ்டில் அப்பழைய வடிவத்தை மீண்டும் திறந்தார்கள். நாங்கள் ஆடியது அதனைத்தான். உள்ளே நுழைவோர் முதலில் ஓர் இனத்தையும் பிறகு ஒரு தொழிலையும் தேர்ந்துகொள்ள வேண்டும். காளைத் தலையும் மனித உடலும் கொண்ட டாரன் இனத்தை நான் தேர்ந்தேன். மகன் கேடயம் ஏந்திய போர்வீரன். "நீங்க ஷாமனா இருங்கப்பா. எங்களைக் குணமாக்க ஓர் ஆள் வேணும்" என்றான்.

இதைக் கேட்டிருந்த என் மனைவி, "கோடாங்கி வேஷமா? கோயிலுக்குப் போற மனுஷனுக்கு இது தேவையா?" என்று சிரித்தாள். அவள் கேட்டதில் பொருள் இல்லாமல் இல்லை. ஷாமன் என்பது சைபீரியாவின் துங்கூசிய மொழி பேசும் மக்களிடமிருந்து உலகுக்கு வந்த சொல். பறை கொட்டி, ஆவிகளோடு உரையாடி, நோயுற்றோருக்காகப் பரிந்து நிற்கும் மனிதரை அவர்கள் அப்பெயரால் அழைத்தனர். விளையாட்டின் ஷாமன் அவரல்லர். பல நாட்டுப் பொருள்களைக் கலந்து செய்த ஒரு பொம்மை. அவன் தரையில் நடும் கம்பத்திற்கு டோட்டம் என்று பெயர். அது வட அமெரிக்காவின் ஒஜிப்வே மக்களுடைய சொல். அவன் செலவிடும் ஆற்றலுக்கு மனா என்று பெயர். அது விவிலியத்தின் மன்னாவன்று, பசிபிக் தீவு மக்களின் சொல். இறந்தால் தானே எழுவதற்கென அவன் பையில் வைத்திருக்கும் அங்க் என்ற சின்னமோ எகிப்து நாட்டினது. எகிப்தின் பழங்காலக் கிறிஸ்தவர்கள் அதனையே சிலுவையின் ஒரு வடிவமாக ஏற்றுக்கொண்டனர் என்பதைப் பின்னர் அறிந்தேன். மக்கள் புனிதமெனக் கொண்டவற்றை இப்படிப் பொம்மையாக்கலாமா என்ற கேள்வி என்னை விட்டு முழுதும் நீங்கவில்லை. ஆயினும் அந்தப் பொம்மையே எனக்கொரு பாடம் வைத்திருந்தது.

ஐவர் சேர்ந்து ஒரு குகைக்குள் நுழைகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவன் முன்னே நின்று அடிகளை வாங்குகிறான்; மூவர் பகைவரைத் தாக்குகின்றனர்; ஐந்தாமவன் பின்னே நின்று காயங்களை ஆற்றுகிறான். திரையின் ஓரத்தில் ஒவ்வொருவர் பெயருக்கும் கீழே ஒரு பச்சைக் கோடு இருக்கும். அது அவரது உயிர். மந்திரம் செய்வோர்க்கு அதன்கீழ் ஒரு நீலக் கோடும் உண்டு. அது அவரது மனா. பச்சைக் கோடுகள் குறையும்போது என் நீலக் கோட்டைச் செலவிட்டு அவற்றை நான் நிரப்ப வேண்டும். பெரிய குணமாக்கலுக்கு மூன்று நொடி ஆகும். விரைந்து முடிவதற்கு விலை அதிகம். ஆதலால் அடி விழுவதற்கு முன்பே மருந்தைத் தொடங்கியாக வேண்டும். என் கண்கள் போரைப் பார்ப்பதில்லை. அந்த ஐந்து கோடுகளையே பார்த்திருக்கும். இது எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. பிறருக்காகக் கண்விழித்திருக்கும் மனிதன் நான் என்றொரு பெருமிதம் மாலைதோறும் என்னுள் வளர்ந்தது.

இங்கே எங்கள் வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் தாய் 2019இல் பக்கவாதத்தால் வலப்பக்கம் செயலிழந்து படுக்கையில் விழுந்தார். பேச்சும் குழறிப்போயிற்று. படுக்கைப் புண் வராதிருக்க இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். கஞ்சியைத் தேக்கரண்டியால் சிறுகச் சிறுக ஊட்ட வேண்டும். துணி மாற்ற வேண்டும். பகலும் இரவும் இவற்றைச் செய்தவள் என் மனைவி. நான் உதவாமலில்லை. "வேணும்னா கூப்பிடு, வர்றேன்" என்று சொல்லியிருந்தேன். அவள் கூப்பிட்டபோதெல்லாம் பெரும்பாலும் சென்றேன். நல்ல கணவன், நல்ல மகன் என்றே என்னை எண்ணியிருந்தேன்.

அந்த ஆண்டு சூலை மாதத்தில் ஒரு மாலை. எங்களுக்கு ஆறு மணி; மகனுக்கு இரவு பத்தரை. ரேசர்ஃபென் கிரால் என்னும் முட்புதர்க் கோட்டைக்குள் ஐவரும் சென்றிருந்தோம். கைத்தண்டி முட்கள் வானை மறைக்கும். பன்றிமுக மனிதர்கள் வழியெங்கும் பதுங்கியிருப்பர். ஒவ்வொரு மோதலுக்கு முன்பும் மகன் நின்று, "அப்பா, மனா எவ்வளவு?" என்று கேட்பான். "பாதிதான் இருக்குடா" என்றால், "உக்காந்து தண்ணி குடிங்க, காத்திருக்கோம்" என்பான். ஷாமன் தரையில் அமர்ந்து நீர் அருந்துவான். அந்த நீரையும் எங்களோடு வந்த, நான் முகமறியாத மந்திரக்காரர் ஒருவர் உருவாக்கிக் கொடுத்திருந்தார். என் நீலக் கோடு நிரம்பும்வரை நால்வரும் அசையாது நிற்பர். குணமாக்குபவனின் நீலம் வற்றினால் ஐவரும் மடிவர் என்பதை அங்கே சிறுபிள்ளையும் அறியும்.

அன்று மனைவி அறையிலிருந்து இருமுறை அழைத்திருக்கிறாள். காதில் ஒலிப்பானை மாட்டியிருந்த எனக்குக் கேட்கவில்லை. தாயைத் தனியாகத் தூக்கிப் புரட்டியதில் அவளுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. அவள் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை நான் தாயின் அருகே சென்றபோது, அவர் இடக்கையால் என் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டு, குழறிய நாவால், "அவ... முதுகு" என்றார். மீண்டும், "அவளப் பாரு" என்றார். அடுக்களையில் என் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்துகொண்டிருந்தாள். "தண்ணீராவது குடித்தாயா?" என்று கேட்க வாயெடுத்தவன், அந்தச் சொற்கள் யாருடையவை என்பதை உணர்ந்து நின்றுவிட்டேன். முகமறியாத மூவரும் என் மகனும் எனக்காகக் காத்து நின்றார்கள். ஓராண்டாக எங்கள் வீட்டில் இவளுக்காக யார் காத்து நின்றது? இவளது நீலக் கோடு எவ்வளவு என்று ஒருமுறையேனும் நான் கேட்டதுண்டா?

அதன்பின் பல நாள் என் மனத்தை அறுத்தது விளையாட்டின் ஒரு சிறிய விதி. அமர்ந்து நீர் அருந்தாவிட்டாலும் மனா தானாகவே ஓரளவு ஊறும். ஆனால் ஒரு மந்திரத்திற்கு ஆற்றலைச் செலவிட்ட பின் ஐந்து நொடிக்கு அந்த ஊற்று அடைபட்டிருக்கும். ஐந்தாம் நொடி முடிவதற்குள் இன்னொரு மந்திரம் செய்தால் எண்ணிக்கை மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும். நான்கு நொடிக்கு ஒருமுறை சிறிய மந்திரமொன்று செய்துகொண்டிருப்பவனுக்கு, இடையில் எத்தனை நொடி சும்மா இருந்தாலும் ஊற்று திறப்பதே இல்லை.

என் உதவியில் இருந்த குறை இதுதான் என்று அப்போது விளங்கிற்று. "கூப்பிடு, வர்றேன்" என்பவன் வேலையில் ஒரு பகுதியை எடுத்துக்கொள்கிறான், விழிப்பை எடுத்துக்கொள்வதில்லை. எப்போது கூப்பிட வேண்டும் என்று பார்த்திருப்பது அவள் வேலையாகவே இருந்தது. பத்து நிமிடம் படுத்தாலும் அவள் காது அடுத்த அறையில் இருந்தது. அது ஓய்வன்று, ஐந்தாம் நொடிக்கு முன் அறுந்துபோகும் இடைவெளி.

எனவே ஓர் ஏற்பாடு செய்தோம். பிற்பகல் இரண்டு முதல் ஐந்துவரை தாய் முழுதும் என் பொறுப்பு; எதன்பொருட்டும் நான் அவளை அழைப்பதில்லை. சொல்வது எளிது. பெற்ற மகன் துணி மாற்றுவதற்கு என் தாய் கூசினார். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். என் கைகளும் நடுங்கின. ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை; "மெதுவா" என்று மட்டும் சொன்னார். மூடிய கதவுக்குப் பின்னால் என் மனைவியும் முதல் வாரம் உறங்கவில்லையாம். நான் கஞ்சிக் கிண்ணத்தை வைக்கும் ஓசையைக்கூடக் கேட்டுக்கொண்டு கிடந்தாளாம். அடுத்த வாரம் ஒருநாள் ஐந்தரை ஆகியும் கதவு திறக்கவில்லை. மெல்லத் தள்ளிப் பார்த்தேன். வாய் சற்றே திறந்திருக்க, ஆழ்ந்து உறங்கிக்கொண்டிருந்தாள். திருமணமான புதிதில் பார்த்த முகம் அது. நான் மீண்டும் கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

ஷாமனிடம் நீரூற்றுக் கம்பம் ஒன்று உண்டு. அதை நட்டால் அருகிலிருக்கும் தோழர்களின் நீலக் கோடு இரண்டு நொடிக்கு ஒருமுறை சிறிது சிறிதாக நிரம்பும். அவர்கள் ஓயாது செலவிட்டுக்கொண்டிருந்தாலும் நிரம்பும். ஆனால் இருபது கஜத்துக்கு அப்பால் இருப்பவர்க்குப் பயனில்லை. ஒரு நிமிடத்தில் அது மறைந்துவிடும். மறுபடி நட வேண்டும். பகைவன் ஒரு தட்டுத் தட்டினாலும் விழுந்துவிடும். மறுபடி நட வேண்டும். விடுதலைப் பயண நூலில் அமலேக்கியரோடு போர் நடந்தபோது மோசேயின் கைகள் தளர்ந்தன. ஆரோனும் கூரும் அவருக்குப் பதிலாகக் கைகளை உயர்த்தவில்லை. அவரைக் கல்லின்மீது அமரச் செய்து, இருபுறமும் நின்று அவர் கைகளைத் தாங்கினர். கதிரவன் மறையும்வரை நின்றனர். அருகில் இருந்ததால்தான் அவர்களால் அது இயன்றது. தாங்குபவரைத் தாங்குவதும் ஒரு பணி என்று அதுவரை எனக்குத் தோன்றியதில்லை.

என் தாய் 2021 பிப்ரவரியில் இறைவனடி சேர்ந்தார். மகனால் வர இயலவில்லை. அடக்கத் திருப்பலியைத் தொலைபேசித் திரையில் கண்டான். விளையாட்டில் ஷாமன் அங்க்கைச் செலவிட்டு மணிக்கொருமுறை தானே உயிர்த்தெழலாம்; போர் ஓய்ந்தபின் வீழ்ந்த தோழர்களையும் எழுப்பலாம். அம்மாவின் கால்மாட்டில் நின்றபோது, அது எத்தகைய பொம்மை என்பதும் தெரிந்தது. அவரை எழுப்ப என்னிடம் ஒன்றுமில்லை. கடைசி ஏழு மாதங்களின் பிற்பகல்கள் மட்டுமே என்னிடம் இருந்தன. அதற்கு முந்தைய மாதங்களும் என்னுடையவையாக இருந்திருக்கலாம். அந்தக் குறையை நான் ஒப்புரவு அருட்சாதனத்தில் சொல்லிவிட்டேன், மனைவியிடமும் சொன்னேன். இரண்டாவது கடினமாக இருந்தது.

ஒரு விளையாட்டு என்னை நல்லவனாக்கியது என்று எழுத மாட்டேன். என் வீட்டில் கற்றிருக்க வேண்டியதை அங்கே போய்க் கற்க நேர்ந்ததே எனக்கு நாணமாக இருக்கிறது. தவிர, அந்த உலகில் பணி எளிது. யார் எவ்வளவு தளர்ந்திருக்கிறார் என்பதைத் திரையே காட்டிவிடுகிறது. வீட்டில் அடுப்படியில் நிற்பவளுக்கும், நோயாளியின் கட்டிலருகே இருப்பவளுக்கும் பெயருக்குக் கீழே நீலக் கோடு எதுவும் வரைந்திருப்பதில்லை. கேட்டுத்தான் அறிய வேண்டும். கேட்டுவிட்டு, நிரம்பும்வரை காத்து நிற்கவும் வேண்டும்.